நட்சத்திரம் கட்டடத்துக்கா, கவனிப்புக்கா?

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையிலும் அதைச் சுற்றியுள்ள வீதிகளிலும் உள்ள பெரிய ஓட்டல்களின் தோற்றம் நகரவாசிகளுக்குப் புதிதல்ல. வாசலில் தலைப்பாகை கட்டிய காவலர், தானே திறக்கும் கண்ணாடிக் கதவு, முகம் தெரியும் பளிங்குத் தரை, உள்ளே நுழைந்ததும் வீசும் பூ வாசனை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களும் ஜமீன்தார்களும் ஆலை முதலாளிகளும் மட்டுமே ஏறிய படிகளில் இன்று நடுத்தரக் குடும்பங்களும் ஏறுகின்றன. இங்கு வேலை பார்க்கும் மகன், ஊரிலிருந்து வரும் பெற்றோரை இரண்டு நாள் அங்கே தங்க வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறான். கல்யாணத்துக்கு வரும் சம்பந்தி வீட்டார் அங்கே அறை எடுக்கிறார்கள்.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் கொடுக்கும் பணம் ஒன்றாக இருந்தும் கிடைக்கும் கவனிப்பு ஒன்றாக இருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பெரிய ஓட்டல்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றன.

சேலத்துத் தம்பதி

சேலத்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் அனுபவத்தை எடுத்துக் கொள்ளலாம். கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுபது வயதைத் தொட்டவர். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. பெங்களூரில் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் மகன், பெற்றோரின் நாற்பத்தைந்தாவது திருமண நாளை முன்னிட்டு, நகரின் மையத்தில் உள்ள ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு இரவுகளுக்கு அறை பதிவு செய்தார். ஓர் இரவுக்கு 12,000 ரூபாய். 18 சதவீத வரியும் சேர்த்து இரண்டு இரவுகளுக்கு 28,320 ரூபாய் முன்பணமாகவே கட்டப்பட்டு விட்டது.

பகல் 2 மணிக்கு அறை கிடைக்கும் என்று ரசீதில் அச்சிட்டிருந்தார்கள். மகனுக்கு அலுவலகம் இருந்ததால் பெரியவர்கள் இருவரும் ரயிலில் இறங்கி ஆட்டோ பிடித்து நேராக ஓட்டலுக்கு வந்தார்கள். வாசல் காவலர் கும்பிட்டு வரவேற்றார். அதில் குறையில்லை. வரவேற்பு மேஜையில்தான் குறை தொடங்கியது. பெரியவர் தமது முறைக்காக நின்று கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் கோட்டு அணிந்து வந்த இருவருக்கு முதலில் சாவி கொடுக்கப்பட்டது. அறை தயாராகவில்லை என்று பெரியவரை உட்காரச் சொன்னார்கள். 2 மணிக்குக் கிடைக்க வேண்டிய அறை மூன்றரை மணிக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

அறை அழகாக இருந்தது. மெத்தையும் விரிப்பும் வெள்ளை வெளேரென்று இருந்தன. குளியலறையில் மட்டும் ஒரு வாளியோ குவளையோ கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குள் நின்றபடி குளிக்க வேண்டும். குழாயை எந்தப் பக்கம் திருகினால் வெந்நீர் வரும் என்று எழுதி வைக்கவும் இல்லை. முழங்கால் வலிக்காரர் எப்படி நின்று குளிப்பார்? ஒரு வாளியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கேட்டுப் பெரியவர் டெலிபோன் செய்தார். முதல் முறை, "அனுப்புகிறோம்" என்றார்கள். இரண்டாம் முறை வேறு ஒருவர் எடுத்து முதலிலிருந்து விவரம் கேட்டார். மூன்றாம் முறைக்குப் பிறகு வாளி வந்தது. நாற்காலி வரவே இல்லை.

இரவு தயிர் சாதம் வரவழைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தது. மறுநாள் காலைப் பலகாரமோ இதற்கு நேர்மாறாக இருந்தது. ஒரிசாவிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் ஒருவன் அந்த அம்மாள் காலை நொண்டி நடப்பதைப் பார்த்ததும் சுவரோரமாக ஒரு மேஜையில் உட்கார வைத்து, தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வேண்டாம் என்று சைகை காட்டி, சுடச்சுட இட்லியும் சர்க்கரையில்லாத காபியும் கொண்டு வந்து கொடுத்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. "அம்மா" என்ற ஒரு சொல் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

புறப்படும் நாளில் ரசீது வந்தது. இரண்டு தயிர் சாதம் 900 ரூபாய். அதன் மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் 90 ரூபாய். இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 18 சதவீத வரி. ஆக 1,168 ரூபாய் 20 காசு. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாதே என்று பெரியவர் நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார். "அது கம்ப்யூட்டரில் தானாக வருவது, எடுக்க முடியாது" என்று பதில் வந்தது. அரை மணி நேரத்தில் மகன் வந்தார். கழுத்தில் நிறுவன அட்டை தொங்கியது. அதே கேள்வியை வேகமான ஆங்கிலத்தில் கேட்டார். மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்து, வருத்தம் தெரிவித்து, அந்த 90 ரூபாயையும் அதற்கான வரியையும் அப்போதே கழித்துக் கொடுத்தார்.

தொண்ணூறு ரூபாய் பெரிய தொகையல்ல. தகப்பனார் கேட்டபோது எடுக்க முடியாத கட்டணத்தை மகன் கேட்டவுடன் எடுக்க முடிந்தது எப்படி என்பதுதான் கவனிக்க வேண்டியது. முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒருவர், மகன் பார்த்துக் கொண்டிருக்கையில், தம் பேச்சு எடுபடாத இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்து கொண்டு சேலத்துக்குத் திரும்பினார். திருமண நாள் பரிசாக எண்ணி மகன் கட்டிய பணத்துக்குக் கிடைத்த பலன் அது.

மொழிப் பிரச்சினையா?

இதைத் தமிழருக்கு இழைக்கப்பட்ட குறையாக மட்டும் பார்ப்பது சரியாகாது. இது கன்னட மண். இங்கே தமிழில் பதில் வேண்டும் என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் மாண்டியாவிலிருந்தோ ஹாசனிலிருந்தோ வேட்டி கட்டிய ஒரு விவசாயி வந்து கன்னடத்தில் கேட்டாலும், இப்படிப்பட்ட மேஜைகளில் அவருக்கும் இதே கதிதான் நேரும். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆடையோடு ஆங்கிலமும் சேர்ந்து முழு ஆளையும் விழுங்கி விடுகிறது.

நட்சத்திரம் எப்படிக் கிடைக்கிறது?

ஓட்டல்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தகுதி வழங்குவது மத்திய சுற்றுலா அமைச்சகம். அதற்கென ஓட்டல், உணவக அங்கீகாரம் மற்றும் தர நிர்ணயக் குழு ஒன்று இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு விண்ணப்பிப்பது ஓட்டல்காரரின் விருப்பம். கட்டாயமில்லை. ஆகவே விலை உயர்ந்த ஓட்டல்கள் எல்லாமே இந்தக் குழுவின் சோதனைக்கு உட்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது.

குழு பார்ப்பவற்றில் அறையின் அளவு, குளியலறை, லிப்ட், சமையலறைச் சுத்தம், தீத்தடுப்பு, மாற்றுத் திறனாளிகளுக்கான வசதி போன்றவை அடங்கும். எல்லாம் தேவையானவையே. பணியாளர் பயிற்சியும் பார்க்கப்படுகிறது. இருந்தாலும் அளக்கக் கூடியவையும் எண்ணக் கூடியவையுமே பட்டியலில் மிகுதி. வேட்டி கட்டியவரை எத்தனை நிமிடம் நிற்க வைத்தார்கள் என்பதை எந்த நாடாவை வைத்து அளப்பது? சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் எந்த ஓட்டலும் அன்று பம்பரமாகச் சுழலத்தான் செய்யும்.

சிப்பந்திகளின் பக்கம்

குற்றம் முழுவதையும் சிப்பந்திகள் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. பெரிய ஓட்டல்களில் அறை துப்புரவு, காவல், சலவை முதலிய வேலைகள் பலவும் ஒப்பந்தக்காரர்கள் கையில் விடப்படுகின்றன. ஒரிசா, வங்காளம், அசாம், மணிப்பூர் என்று தொலைதூரத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நாலைந்து பேராக ஒரே அறையில் தங்கி, பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்கிறார்கள். நல்ல சம்பளம் வேறிடத்தில் கிடைத்தால் போய்விடுகிறார்கள். புதியவர் வருகிறார். அவருக்கு வேலை பழகும்போது அவரும் போய்விடுகிறார்.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது ஓட்டல்கள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு மே மாதம் முதல் ஓடிய தொழிலாளர் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பியவர்களில் ஓட்டல் சிப்பந்திகளும் ஏராளம். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அனுபவசாலிகள் போன இடத்தில் அவசரமாக ஆள் எடுத்தார்கள். கட்டணம் பழைய நிலைக்கு ஏறிய வேகத்தில் பயிற்சி ஏறவில்லை.

டெலிபோனை எடுத்தவர் வேறு, வாளி கொண்டு வர வேண்டியவர் வேறு, இருவருக்கும் சம்பளம் கொடுப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்றால் ஒரு வாளி மூன்று முறை கேட்டுத்தான் வரும். அந்த ஒரிசாப் பையன் காட்டிய பரிவை ஓட்டல் சொல்லிக் கொடுத்திருக்காது. அது அவன் வீட்டில் கற்றது. முதலாளிகள் அத்தகைய பிள்ளைகளை நிரந்தரமாக்கி, கௌரவமான சம்பளம் கொடுத்து, இரண்டு உள்ளூர் மொழிகளில் நாற்பது ஐம்பது வாக்கியங்களாவது கற்றுக் கொடுத்தால் நிலைமை பெருமளவு மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடிக்கையாளர் பக்கம் சட்டம் இல்லாமல் இல்லை. ஓட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மனம் உவந்து கொடுப்பதைத் தடுக்க யாருமில்லை. மடியில் கைவிட்டு எடுப்பதுதான் கூடாது.

எல்லாத் தீர்ப்புகளும் வாடிக்கையாளருக்குச் சாதகமானவை என்று சொல்ல முடியாது. அச்சிட்ட விலைக்கு மேல் தண்ணீர் பாட்டிலை விற்கலாம், ஓட்டலில் அமரும் வசதியையும் சேர்த்தே விற்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறிவிட்டது. மறுபுறம், தில்லியில் ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றின் ஊழியரிடம் நிறுத்தச் சொல்லிக் கொடுத்த கார் 1998-ல் திருட்டுப் போன வழக்கில், "உரிமையாளர் பொறுப்பில்" என்று சீட்டில் அச்சடித்து விட்டு ஓட்டல் கையைக் கழுவ முடியாது என்று அதே நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. ஒரு காருக்கு நீதி கிடைக்க இருபத்தொரு ஆண்டுகள் ஆயின என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வாழைப்பழ விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். 2019 ஜூலையில் சண்டிகரில் ஒரு பெரிய ஓட்டல் இரண்டு வாழைப்பழங்களுக்கு வரியுடன் 442 ரூபாய் 50 காசு வாங்கியது. பணம் கொடுத்தவர் நடிகர் ராகுல் போஸ். அவர் அதை வெளியிட்டதும் நாடே பேசியது. வரி இல்லாத பழத்துக்கு வரி வாங்கியதற்காக அதிகாரிகள் அந்த ஓட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். நடிகர் கேட்டார், நடவடிக்கை வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் கேட்டால் வர வேண்டாமா?

அவரும் கேட்கலாம் என்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முன்பு எதிர்த்தரப்பார் இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். இப்போது வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பெங்களூர் ஓட்டலில் நடந்த குறைக்குச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு வரி 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம். அப்படிப்பட்ட அறைகள் உள்ள ஓட்டலில் சாப்பிடும் இட்லிக்கும் 18 சதவீதம். தெருக்கோடி ஓட்டலின் இட்லிக்கு 5 சதவீதம். அரசாங்கமே அதை உயர்ந்த இட்லி என்று கருதி அதிக வரி வாங்கும்போது, அது உயர்ந்த முறையில் பரிமாறப்படுகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அரசாங்கத்துக்கு உண்டு.

நட்சத்திரம் இல்லாத ஓட்டல்

சமமான கவனிப்பு நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், அவர்கள் லால்பாக் சாலைக்குப் போய்ப் பார்க்கலாம். 1924-ல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம் அங்கே இருக்கிறது. அதன் உரிமையாளர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா சென்று வந்து, அங்கே கண்ட சுத்தத்தைத் தம் ஓட்டலில் கொண்டு வந்தார் என்பது ஊரறிந்த வரலாறு. கூட்ட நாட்களில் அங்கே யார் வந்தாலும் காத்திருந்துதான் இடம் பிடிக்க வேண்டும். நெய் வாசனையுடன் வரும் மசால் தோசை, கார் வைத்திருப்பவருக்கும் பஸ்ஸில் வந்தவருக்கும் ஒரே அளவில்தான் வருகிறது. பளிங்கும் கண்ணாடியும் இல்லாமலே அதனால் நூறாண்டுகளைக் கடக்க முடிந்தது.

என்ன செய்யலாம்?

ரயில் நிலையங்களில் புகார்ப் புத்தகம் ஒன்று உண்டு. பிரயாணி கேட்டால் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்தே ஆக வேண்டும். எழுதியது பதிவாகிவிடும், கிழித்தெறிய முடியாது. இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கியவருக்கு உள்ள அந்த உரிமை, 28,000 ரூபாய் கொடுத்த ஓட்டல் விருந்தினருக்கு ஏன் இருக்கக் கூடாது? நட்சத்திரத் தகுதி பெறும் ஒவ்வொரு ஓட்டலும் வரவேற்பு மேஜையில் பக்க எண் அச்சிட்ட புகார்ப் புத்தகம் வைக்க வேண்டும் என்று சுற்றுலா அமைச்சகம் உத்தரவிட வேண்டும். தகுதியைப் புதுப்பிக்கும்போது குழு முதலில் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

சோதனைக்குச் சொல்லாமல் போக வேண்டும். வேட்டி சட்டையிலும் நூல் புடவையிலும் போய் அறை கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். குறித்த நேரத்தில் அறை கொடுக்காவிட்டால் வாடகையில் எவ்வளவு கழியும் என்பதை ரசீதிலேயே அச்சிட வேண்டும். கட்டண விவரம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அறையில் இருக்க வேண்டும். வயதானவர் தங்குகிறார் என்று பதிவிலேயே தெரிந்தால், கேட்காமலே ஒரு வாளியும் குவளையும் நாற்காலியும் வைத்துவிட வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு தயிர் சாதத்தின் விலையைத் தாண்டாது.

விருந்தினருக்கும் கடமை உண்டு. விரலைச் சொடுக்கி அழைப்பதும், துண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போவதும், காலைப் பலகாரத்தைத் தட்டு நிறைய அள்ளிப் பாதியை வீணாக்குவதும் மரியாதை ஆகாது. மரியாதையைக் கேட்பவர் கொடுக்கவும் வேண்டும். நன்றாகக் கவனித்த சிப்பந்தியின் பெயரைக் கேட்டு மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்ல பழக்கம். அந்த ஒரிசாப் பையனின் வேலை நிரந்தரமாக அது ஒரு காரணமாகலாம்.

பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போதே பெற்றோரின் தேவைகளை எழுதிப் பதில் வாங்கிக் கொள்ளுங்கள். ரசீதைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவே கேட்டு வாங்கிப் பாருங்கள். குறை இருந்தால் அப்பாவைப் பின்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பேசாதீர்கள். அவரையே பேசச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

ஓட்டல் முதலாளிகள் கட்டடத்துக்குக் கோடிகளைக் கொட்டியிருக்கிறார்கள். வரவேற்பு மேஜையில் நிற்பவர்களிடம் ஒரு சிறு உத்தரவு போட அவர்களுக்குக் காசு செலவாகாது: வந்த வரிசைப்படி சாவி கொடுங்கள், கேட்டவர் யாரானாலும் ஒரே பதில் சொல்லுங்கள். இதைச் செய்வார்களா? செய்யாவிட்டால் சுற்றுலா அமைச்சகம் கேட்குமா?